இரண்டாவது ஓட்டை

இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்துக்குப் போனால், நம் வயதுக்காரர்கள் எல்லாரும் ஒலிபெருக்கிக்கு எட்டாத மூலையாகப் பார்த்து நாற்காலி தேடுகிறோம். காது மந்தமான பிறகும் சத்தம் நமக்கு ஆகவில்லை என்பது ஒரு வேடிக்கைதான். ஆனால் ஊருக்கு முதல் மைக் செட் வந்த வருடம் நாமெல்லாம் எப்படி அலைந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் அது கோயில் கொடைக்கு வந்திருக்கும், அல்லது ஓட்டுக் கேட்கிறவர்களின் ஜீப்பில் வந்திருக்கும். எங்கள் ஊருக்கு என் அப்பாவின் சைக்கிள் கேரியரில் வந்தது. பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

எங்கள் ஊர் திங்கள்சந்தைக்கும் குளச்சலுக்கும் நடுவில். அப்போது நாமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குச் சந்தைப் பக்கம் வாடகைச் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவதிலிருந்து பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேண்டில் கட்டுவது வரை எதையும் ஒரு தடவை பார்த்தால் செய்துவிடுவார். அந்தத் தெம்பில்தான் திருவனந்தபுரத்தில் ஒரு வியாபாரியிடம் பழைய செட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். வாய் விரிந்த ஒலிபெருக்கியை எங்கள் பக்கம் கோளாம்பி என்போம். அது கேரியரில் மேலே பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஒலியைப் பெருக்குகிற சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒரு காளை வண்டியில் வைக்கோலுக்குள் பின்னால் வந்தது.

அந்தப் பெட்டியின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. லாரி பேட்டரியைக் கொடுத்து முடுக்கினால் உடனே பேசாது. உள்ளே வால்வுகள் மெதுவாகச் சிவந்து, தூசி கருகி, கொஞ்சம் அரக்கு மணம் வரும். அதற்குப் பிறகுதான் கோளாம்பியில் ஓர் இரைச்சல் கிளம்பும். முகப்பில் இரண்டு திருகுகள், மைக் வயரைச் செருக இரண்டு ஓட்டைகள். ஓட்டைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. கூடவே மடித்த இங்கிலீஷ் காகிதம் ஒன்று. எங்கள் சபைப் போதகரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டால் என்ன என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். செட்டுக்காரன் செட்டைப் பற்றி ஊராரிடம் கேட்டுத் திரிவதா என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் காகிதம் பிறகு என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் அப்பாவின் தங்கை இருந்தாள். எங்கள் அத்தை. இருபத்திரண்டு வயது. தாய் தகப்பன் இல்லாததால் அப்பாதான் அவளுக்கு எல்லாம். அத்தைக்கு வெளுத்த நிறமில்லை, பெரிய படிப்பில்லை. ஆனால் அவள் குரல் தனி. பாடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து கனமாகப் புறப்பட்டு வரும். துணி துவைக்கிற கல்லில் நின்று கீர்த்தனை பாடினால் அடுத்த தோப்பில் தேங்காய் வெட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். என் தம்பி அப்போது கைக்குழந்தை. அம்மாவைவிட அவன் அத்தையிடம்தான் ஒட்டிக் கிடப்பான். அவள் பாடும்போது கழுத்தடியில் முகத்தை வைத்துக்கொண்டு தூங்கிவிடுவான்.

அந்தக் குரலைக் கேள்விப்பட்டுத்தான் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவன் தகப்பனார் அவர்கள் சபையில் பாட்டுக்குழு நடத்துகிறவர். மற்ற எதையும் அவர்கள் கேட்கவில்லை. எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகைக்குக் குடும்பமாக வருகிறோம், ஆராதனையில் பிள்ளை பாடுவதைக் கேட்கிறோம், பிடித்திருந்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடலாம் என்று எங்கள் உபதேசியாரிடம் சொல்லி அனுப்பினார்கள். அத்தை அந்த வாரம் முழுவதும் தினமும் காலையில் சுக்கும் பனங்கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் குடித்தாள். குரலை அவள் வேறு எதற்காகவும் அப்படிப் பேணி நான் பார்த்ததில்லை.

அதே பண்டிகைதான் அப்பாவின் செட்டுக்கும் முதல் அரங்கேற்றம்.

அறுப்புப் பண்டிகையன்று எங்கள் வேதக்கோயில் எப்படி இருக்கும் என்று உங்களில் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பீடத்தின் இரண்டு பக்கமும் வாழைக்குலை, சேனை, மரச்சீனிக் கிழங்கு, நெற்கதிர், சாக்குக்குள் கால் கட்டிய கோழி. பழுத்த பலாச்சக்கையின் மணம் ஜெபத்துக்கு நடுவில் வந்து வயிற்றைக் கிள்ளும். கோயிலுக்குள் இடம் போதாமல் வெளியே ஓலைப் பந்தல் போட்டிருப்பார்கள். விருந்தாளிகளுக்கு அந்தப் பந்தலில்தான் பெஞ்சு. கோளாம்பியை அப்பா பந்தலைப் பார்த்து ஒரு தென்னையில் கட்டினார்.

இங்கேதான் அந்தக் காரியம் நடந்தது. பீடத்தில் ஒரு மைக் வேண்டும், போதகர் பேச. அதிலேயே அத்தையும் பாடியிருந்தால் ஒரு வில்லங்கமும் வந்திருக்காது. ஆனால் எங்கள் சபையில் பெண்கள் பீடத்துப் படி ஏறும் வழக்கமில்லை. பெண்கள் பக்கம் பாய் விரித்த இடத்தில் நின்றுதான் பாடவேண்டும். அதனால் இரண்டாவது மைக்கை அங்கே வைத்தார்கள். இரண்டு மைக்குகளும் ஒரே மாதிரி. இரண்டு ஓட்டைகளும் பார்வைக்கு ஒரே மாதிரி. முதல் ஓட்டை பீடத்துக்கு, இரண்டாவது பெண்களுக்கு என்று அப்பா வரிசை முறைப்படி செருகினார். எதையும் முதலில் ஆண்களுக்கு, பிறகு பெண்களுக்கு என்று பந்தியில் சோறு விளம்புகிற ஊரில் வேறு யோசனை யாருக்கு வரும்? பீடத்து மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பேசிப் பார்த்தார். பெண்கள் பக்கம் வந்து மைக்கை விரலால் தட்டினார். வெளியே டொக் டொக்கென்று கேட்டது. அவ்வளவு போதும் என்று போய்விட்டார்.

போதகர் ஜெபித்தபோது குரல் பந்தலைத் தாண்டி வயலெல்லாம் போனது. அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில், நெற்றி வேர்க்க, மணவாளனைப் போல நின்றார்.

பிறகு அத்தை எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு, தம்பியை என்னிடம் தந்துவிட்டுப் பாடத் தொடங்கினாள். நான் அவள் காலடியில் பாயில் இருந்தேன். அத்தையின் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஒரு குறையும் இல்லை. இதை நான் எந்தப் பீடத்தில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். முதல் சரணம் முடிவதற்குள் தம்பி அத்தையிடம் போகவேண்டுமென்று அழ ஆரம்பித்தான். அம்மா கண்ணைக் காட்டினாள். அவனைத் தூக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாகப் பந்தலுக்கு வந்தேன்.

அங்கே கோளாம்பியில் வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றியது. கனம் முழுவதும் போய், உதட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற, மெலிந்த, இரத்தமில்லாத ஒரு குரல். பல நாள் காய்ச்சலில் கிடந்தவள் சுவரைப் பிடித்து எழுந்து நின்று பாடுவது போல இருந்தது. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. பந்தலில் பையனின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மேலே கோளாம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் போதவில்லை என்று அப்பா திருகைத் திருப்பியிருக்கிறார். கோளாம்பி கீச்சென்று ஊளையிட்டது. பயந்து திரும்பக் குறைத்தார். திருகில் ஆகாததைத் தங்கையிடம் கேட்டார். உரக்க, இன்னும் உரக்க என்று கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாராம். அண்ணன் சொல்லை அத்தை என்றைக்குத் தட்டினாள்? அடிவயிற்றிலிருந்து கத்தினாள். மூன்றாவது சரணத்தில், மேலே போகவேண்டிய இடத்தில், அவள் குரல் பிளந்தது. ஒரு இருமல் வந்தது. பிறகு பாட்டுக்குழுப் பெண்கள் சேர்ந்து பாடி முடித்தார்கள்.

அசன விருந்தில் சோறு விளம்பும்போது பையனின் அம்மா அப்பாவிடம் வந்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் மூத்த மகள் இரண்டு வருடத்துக்கு முன்புதான் காச நோயில் போயிருந்தாள். பிள்ளைக்கு நெஞ்சுக்கு ஏதாவது தீனமுண்டா என்று தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

அப்பா அப்போது ஒரு நிமிடம் பெட்டியைப் பார்த்தார். அதைச் சுற்றி நாலு ஊர்க்காரர்கள் நின்று, கல்யாணத்துக்கு வருவீர்களா, கொடைக்கு வருவீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். செட்டில் குறை என்று சொல்ல அவர் வாய் எழவில்லை.

"செட்டுக்கு ஒண்ணுமில்ல கேட்டியளா. அவளுக்குத்தான் பத்து நாளா நீர்க்கோவை, இருமலும் உண்டு" என்றார்.

பத்து நாள் இருமல். அதற்கு மேல் அந்தம்மா எதுவும் கேட்கவில்லை. கைகழுவிவிட்டுப் போனார்கள். மறுவாரம் உபதேசியார் வந்து, பையனுக்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறார்களாம் என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சந்தைக்கு மீன் வாங்கப் போன அம்மா, இனயம் கடற்கரையிலிருந்து வந்த மீன்காரி வரைக்கும் விஷயம் தெரிந்திருப்பதைக் கேட்டுவிட்டு வெறும் ஓலைப்பெட்டியோடு திரும்பி வந்தாள். கோளாம்பியில் அத்தை வேறு மாதிரி பாடினாள், உள்ளே நன்றாகத்தான் பாடினாள் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். "ஏட்டி, பெரியவங்க காரியத்துல வாயைக் குடுக்காத" என்று ஓர் அதட்டல். நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பாவிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லி என்ன ஆகியிருக்கும் என்று என்னை நானே பல தடவை சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். சமாதானம் வரவில்லை.

அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் அத்தை அதை நம்பவில்லை. டாக்டர் ஒருவர் சொன்னது ஒரு பக்கம். கோளாம்பியில் ஊரே கேட்டது இன்னொரு பக்கம். பாட்டுக்கு நடுவில் தன் குரலே தன்னைக் கைவிட்டதை அவள் அறிந்திருந்தாள். நமக்குள்ளே என்னமோ தொடங்கிவிட்டது, நம் மனசு நோகக்கூடாதென்று அண்ணன்தான் டாக்டரிடம் சொல்லி மறைத்திருக்கிறான் என்று அவள் தீர்மானித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. தனக்கென்று ஒரு பீங்கான் தட்டும் ஒரு கிண்ணமும் எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளே எடுத்து வைத்தாள். அம்மா வேண்டாமென்று ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு சொல்லவில்லை. அம்மாவுக்கும் பயம் இருந்திருக்கிறது. அத்தை சமைப்பாள், ஆனால் விளம்ப வரமாட்டாள். தம்பி கையை நீட்டிக்கொண்டு தவழ்ந்து போவான். அவள் எழுந்து புறவாசலுக்குப் போய்விடுவாள். அவன் வாசல்படியில் கிடந்து கத்துவான். அவள் கிணற்றடியில் நின்று, முகத்தைச் சேலையில் மூடிக்கொள்வாள். சில மாதத்தில் தம்பி பழகிவிட்டான். குழந்தைகள் எல்லாவற்றுக்கும் பழகிவிடுகின்றன. அத்தை பழகியதாக எனக்குத் தோன்றவில்லை.

வேறு சம்பந்தங்கள் வந்தன. அத்தை சம்மதிக்கவில்லை. இன்னொரு வீட்டுக்குப் போய் நோயைக் கொடுக்கவேண்டுமா என்றாள்.

நான் படித்து இயற்பியல் டீச்சர் ஆனேன். ஆண்டு விழாவுக்கு ஒரு தடவை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மைக் செட் வைக்க ஒரு மெக்கானிக் வந்தார். எங்கள் தலைமை ஆசிரியைக்கு நல்ல கனத்த சாரீரம். ஒத்திகையில் அவர் பேசியதும் ஒலிபெருக்கியில் மெலிந்து, நெஞ்சில்லாமல் ஒரு குரல் வந்தது. இருபது வருடத்துக்கு முன் பந்தலில் நின்று கேட்டேனே, அதே குரல். மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டு, வயரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகினார். தலைமை ஆசிரியையின் குரல் முழுதாகத் திரும்பி வந்தது.

அவரை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டேன். இம்பிடன்ஸ் என்றார். பாடப்புத்தகத்தில் மின்மறுப்பு என்று நானே அதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மதிப்பெண்ணுக்கு எழுதியதுதான். இந்த வகை மைக்குக்குள் இருப்பது ஒரு சின்னப் படிகத் துண்டு. குரல் பட்டால் துளி மின்சாரம் தரும், ஆனால் மெதுவாக ஊறுகிற கிணறு அது. வாங்குகிற ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மொண்டுகொள்ள வேண்டும். இரண்டாவது ஓட்டையோ வேறு வகை மைக்குக்காக வைத்தது. பெரிய வாளியைப் போட்டு இறைக்கிற மாதிரி அது இழுக்கும். அப்படி இழுத்தால் முதலில் வற்றிப் போவது குரலின் அடிக்கனம். மேலே இருக்கிற கீச்சும் மூச்சும்தான் மிஞ்சும். அத்தையிடம் இருந்தது அந்த அடிக்கனம்தான்.

அந்த வருடக் கடைசி லீவில் ஊருக்குப் போனேன். அப்பா செட்டை எப்போதோ விற்றுவிட்டிருந்தார். முற்றத்தில் இருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவருக்கு இது ஓர் இடியாக இருக்கும் என்று நினைத்து, மெதுவாக, பாடம் நடத்துகிற மாதிரி சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பண்டிகை முடிந்து இரண்டு மாதத்தில் ஒரு கல்யாணத்தில், பீடத்து மைக்கையே தற்செயலாக இரண்டாவது ஓட்டையில் செருகினாராம். போதகரின் குரல் அத்தையின் குரல் மாதிரி ஆனது. மாற்றிச் செருகினார், சரியானது. அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதற்குள் தக்கலைப் பையனுக்கு வேறு இடத்தில் பேசி, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்துவிட்டார்கள். இனிச் சொல்லி என்ன என்று விட்டாராம்.

"அத்தையிட்டச் சொல்லியிருக்கலாமே அப்பா. அவளிட்டயாவது."

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அவ தட்டை மாத்தி வச்ச பொறவு எனக்கு நாக்கு எழும்பல்ல" என்றார். பிறகு அழுதார். நான் அவரைத் தொடவில்லை. அன்று என் மனம் அவ்வளவு கல்லாகிவிட்டது.

புறவாசலில் அத்தை மரச்சீனிக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. எப்போதும் போல என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். நான் கிட்டப் போய் உட்கார்ந்து, ஓட்டையையும் கிணற்றையும் வாளியையும் எல்லாம் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அப்பம் எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லியா மக்கா?"

"ஒண்ணும் இல்லத்தே. அண்ணைக்கும் இல்ல, இண்ணைக்கும் இல்ல."

கத்தியை வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"அண்ணனுக்கு இது தெரியுமா?"

வரும் வழியெல்லாம் உண்மை, உண்மை என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நான். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்கு அது முடியவில்லை. தெரியாது என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். "நல்லது. நீயும் சொல்லிராத பிள்ள. அவன் கையால செஞ்சதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான்."

சொல்ல மாட்டேன் என்றேன். இருவரும் போய்ப் பல வருடமாகிறது, இன்றுதான் வாயைத் திறக்கிறேன். அந்த மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, இருபது வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, அத்தை சோற்றுப் பானையோடு வந்தாள். அவருக்கு விளம்பினாள். மீன் குழம்பு இன்னும் கொஞ்சம் விடட்டுமா அண்ணா என்று கேட்டாள். அப்பா தலையைத் தூக்காமல் போதும் என்றார்.